நான்கு தந்திகள்

கடற்கரை ஊர்களில் கிற்றார் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்றுதான். உருக்குத் தந்திகள் விரைவில் துருவேறிவிடும்.

பேராதனையில் கலைப்பட்டம் படிக்கையில், சிலோன் மனோகரின் 'சுராங்கனி'யை வாசித்துப் பழகிய எங்கள் குழுவில் எனக்கு வாய்த்தது பேஸ் கிற்றார். நிகழ்ச்சி முடிந்ததும், "நீ சும்மாதானே நின்றாய்?" என்பர் நண்பர்கள். பேஸ் ஒலிக்கையில் எவரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் பாட்டு வெறுமையாவது புரியும்.

விடுமுறைக்குக் கல்முனைக்குக் கொண்டுவந்தபோது, "மற்ற ரெண்டு கம்பியும் எங்க மகன்?" என்று கேட்டார் உம்மா. வீடே சிரித்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கிற்றாரைக் கொண்டுபோனது, உம்மாவையும்தான்.

இப்போது வேறொன்று வைத்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் நான்கு தந்திகளையும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கிறேன். மற்ற இரண்டும் எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை.