செஞ்சி: எட்டு வருஷமும் ஒரு ராத்திரியும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்கு ஏறக்குறைய எட்டு வருஷம் ஆயிற்று. 1690இல் வந்து கூடாரம் அடித்தவரால் 1698இன் தொடக்கத்தில்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார். நடுவில் மலை ஒன்றும் குட்டையாகிவிடவில்லை. பிறகு ஏன் இப்படி? சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாற்றைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. பொதுப்பணித்துறையில் ஏரி, மதகு, கால்வாய் என்று காலம் தள்ளி ஓய்வு பெற்ற என் நண்பனிடம் சொன்னேன். "புக்க வெச்சிக்கிட்டுப் பேசினா ஆவாது. ஏறிப் பாத்துடலாம் வாடா" என்றான்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டைக்குள்ளேயே புகுந்துதான் வெளியேறுகிறது. பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மதிலைக் கடந்தது தெரியாது. வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி, மேற்கே எல்லாவற்றையும்விட உயரமான ராஜகிரி. மூன்றையும் சேர்த்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. மொத்தம் சுமார் 13 கிலோமீட்டர். இந்தப் பதின்மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ராஜகிரி 800 அடிதான். கொல்லிமலை, வெள்ளியங்கிரி ஏறியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இது மண் மூடிய மலை அல்ல. யானை யானையாகக் கருங்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு நிற்கிற குவியல். ஒன்பது மணிக்கே கல் சுட ஆரம்பித்துவிடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். மூச்சு வாங்க வைப்பதற்கென்றே அப்படி வெட்டினார்களோ என்று தோன்றும். விடிந்ததும் ஏறிவிடுவது உத்தமம். பிற்பகலுக்கு மேல் மலையேற விடுவதில்லை. தின்பண்டம் எதையும் கையில் தெரியும்படி கொண்டுபோக வேண்டாம், குரங்குகள் கேட்டு வாங்கும் ரகம் இல்லை.

ஏறுவதற்கு முன்பு அடிவாரத்திலேயே நண்பன் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டான். எல்லாரும் கல்யாண மகாலின் அடுக்கு மாடிகளையும் கூம்புக் கூரையையும் அண்ணாந்து படம் பிடித்துக்கொண்டிருக்க, அவன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். சுட்ட மண் குழாய் வைத்து மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். "தண்ணி தானா ஏறாதுடா. இதவிட உசரத்துல ஒரு குளம் இருந்தாத்தான் ஏறும்" என்று மலைப்பக்கம் கையைக் காட்டினான். அங்கே மேட்டில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று இரண்டு குளங்கள் இருக்கின்றன. ஆனைக்குளம், குதிரை லாயங்கள், வளைகூரை போட்ட பெரிய தானியக் களஞ்சியம் என்று கீழ்க்கோட்டையில் எதைப் பார்த்தாலும் தண்ணீரும் சோறும் பற்றிய கவலைதான் தெரிகிறது. உச்சிக்குப் போனாலும் அதே கதைதான். அங்கேயும் களஞ்சியம், வற்றாத சுனை. ராஜாக்கள் போரைவிடப் பசிக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார்கள்.

பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். ராஜகிரிக்குப் பழைய பேர் கமலகிரி. கோட்டைக்கு முந்தியே மலை அம்மனுடையது என்பது ஊரார் கணக்கு. கோட்டையைத் தொடங்கியவர் 1200ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் என்றும், வடக்கு மலைக்குப் பேர் தந்தவர் அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் என்றும் மெக்கன்சி சேகரித்த ஏடுகள் சொல்கின்றன. ஆடு மேய்க்கிறவனுக்குத்தானே மலையில் எந்தப் பொந்தில் சுனை இருக்கிறது என்று தெரியும் என்றான் நண்பன். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. இன்று நாம் பார்க்கிற கட்டடங்களில் பெரும்பகுதி விஜயநகரமும் செஞ்சி நாயக்கர்களும் வைத்தவை. 1597இல் கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்க்க வந்த பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் ஊரின் பரப்பைக் கண்டு வாய்பிளந்து எழுதியிருக்கிறார்.

கோயிலைத் தாண்டினால் பாறைகளில் வரிசையாகச் சதுரக் குழிகள் தென்படும். கட்டைவிரல் நுழையும் அளவு, பல் வரிசை மாதிரி ஒரே நேர்கோட்டில். அதில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்து, அந்தக் கல்லையே பக்கத்தில் மதிலாக அடுக்கியிருக்கிறார்கள். சில பாறைகளில் குழி மட்டும் இருக்கிறது, கல் பிளக்கப்படவே இல்லை. ஏதோ ஒரு நாள் கூலி நின்றுபோயிருக்கிறது.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை வெட்டுப்பட்டு நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த பிளவைத் தேவைக்கேற்ப ஆழப்படுத்தியிருக்கிறார்கள். மேலே போக ஒரே ஒரு பாலம், அன்று மரப்பாலம். அதை இழுத்துக்கொண்டால் உச்சி தனித் தீவு. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோதுதான் என் கேள்விக்கான முதல் பதில் உறைத்தது. ஒழுங்காகக் காவல் காத்தால் இந்த இடத்தை எவனும் ஏறிப் பிடிக்க முடியாது. பிடித்தவர்கள் எல்லாருமே வேறு எதையோ பிடித்திருக்கிறார்கள்.

சுல்பிகர் கானை எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜி 1677இல் செஞ்சியை எடுத்துப் பலப்படுத்தி வைத்திருந்தார். சம்பாஜி கொல்லப்பட்ட பிறகு, தம்பி ராஜாராம் 1689இல் தப்பி வந்து இங்கேதான் மராட்டிய அரசை உட்கார வைத்தார். மொகலாயப் படை பெரியதுதான். ஆனால் 13 கிலோமீட்டர் முக்கோணத்தை வெளியிலிருந்து சுற்றி வளைப்பதென்றால் இன்னும் நீளமான வளையம் வேண்டும், அதுவும் காட்டுக்குள். ஓட்டை இருந்துகொண்டே இருந்தது, அரிசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. 1692 டிசம்பரில் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப் படையோடு வந்து இறங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். பாதுஷாவின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறான் என்று சொந்தத் தளபதிகளே அவனைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். சுல்பிகர் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். அப்புறமும் வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்பே வெளியேறியிருந்தார். சுல்பிகரே கண்டும் காணாமல் விட்டார் என்று அப்போதே பேச்சு இருந்தது. எட்டு வருஷச் செலவு, பிடிபட வேண்டியவர் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

புஸ்ஸியின் ராத்திரி வேறு மாதிரி. திருவதிகைப் பக்கம் தோற்று ஓடிவந்த, ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் செஞ்சிக்குள் அடைந்திருந்தார்கள். கூட்டம் இருந்தது, படை இல்லை. புஸ்ஸி வெடி வைத்து வாசலைத் தகர்த்து ஊருக்குள் புகுந்தார். மலைகளிலிருந்து குண்டு பொழிய, நிலா மறையும்வரை வீடுகளின் ஓரம் பதுங்கியிருந்துவிட்டு, மூன்று மலைகளின்மீதும் ஒரே சமயத்தில் ஆட்களை ஏற்றினார். விடிந்தபோது மூன்றும் அவர் கையில். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் பேர் தென்னிந்தியா முழுக்கப் பரவியதற்கு அந்த இருட்டு ஒரு முக்கியக் காரணம். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன செஞ்சித் தூண்கள் இன்றும் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை வைத்திருந்த பத்து வருஷத்தில் மலை அவர்களைப் பழிவாங்கியது. அங்கே ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் இருந்ததில்லை, ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் காய்ச்சலில் செத்தவர்கள் 1200 பேர் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்த பிறகும் ராஜகிரி பிரெஞ்சுக் கொடியோடு நின்றது. அதைக் காத்தவர் பிரெஞ்சுச் சேவகத்திலிருந்த மெக்ரேகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷமாகும் என்று ஆங்கிலேயர்களுக்குப் பதில் அனுப்பியவர், ஏப்ரல் 5ஆம் தேதி நிபந்தனை பேசி இறங்கிவந்துவிட்டார். அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. யாருக்காகக் காப்பது என்பதுதான் தெரியவில்லை.

உச்சியில் ரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த உள்ளூர்ப் பையன்களிடம் கோட்டையைக் கட்டியது யார் என்றேன். யோசிக்காமல் ஒரே பதில்: "தேசிங்கு ராஜா சார்."

கட்டியவர் அவர் இல்லை. பந்தேலா ராஜபுத்திரரான சரூப் சிங் கோட்டைத் தலைவராக இருந்து 1714இல் இறந்தார். மகன் தேஜ் சிங், அதாவது மக்கள் சொல்லும் தேசிங்கு, அந்த இடத்தில் உட்கார்ந்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிக் கப்பம் கேட்டார், இவன் மறுத்தான். அக்டோபர் 3ஆம் தேதி சண்டையில் செத்தான். வயது இருபத்திரண்டு. ஆண்டது ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. சிவாஜிக்கும் நாயக்கர்களுக்கும் கிடைக்காத இடம் இந்தச் சில மாதத்துக்காரனுக்கு மக்கள் நாக்கில் கிடைத்தது. கதைப்பாடலாகத் தெருத்தெருவாகப் பாடப்பட்டு, 1960இல் எம்.ஜி.ஆர். படமாகவும் வந்தான். பாடலில் குதிரைக்குக்கூடப் பேர் உண்டு. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு ஓடிவந்து மடிந்த முஸ்லிம் நண்பன் உண்டு. அன்று சிங்கவரத்துக் குடைவரைப் பெருமாள் போக வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்ட கதையும் உண்டு. அரசி உடன்கட்டை ஏறினாள். செட்டிக்குளக் கரையில் இடம் காட்டுகிறார்கள்.

அவன் கோட்டைக்குள் இருந்து போராடவில்லை. மழைக்கால வெள்ளம் ஓடிய ஆற்றில் குதிரையை இறக்கி, வெட்டவெளியில் போய் மோதினான். இது எனக்கு எப்போதுமே எரிச்சலாக இருந்திருக்கிறது. ராஜாராம் எட்டு வருஷம் ஓட்டிய கோட்டை கையில் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதானே? இளரத்தம், வீம்பு என்றேன்.

நண்பன் சோற்றுக் கையோடு மணலில் கோடு போட்டான். "அவன்கிட்ட எத்தன பேரு?"

"சில நூறு குதிரை."

"நானூறுன்னே வெச்சிக்க. பதிமூணு கிலோமீட்டர்னா பதிமூவாயிரம் மீட்டர். முப்பது மீட்டருக்கு ஒரு ஆளு நிப்பான். அவனும் தூங்கக் கூடாது, சாப்டக் கூடாது. இத எப்படிடா காவல் காக்குறது? உள்ள இருந்தா நாலே நாள்ல மதிலுக்குள்ள வந்துடுவான்."

மேலே மட்டும் பிடித்துக்கொண்டு பாலத்தை இழுத்திருக்கலாமே என்று விடாமல் கேட்டேன்.

"இழுத்துட்டு? உங்க மெக்ரேகர் மாதிரி ரெண்டு மாசத்துல எறங்கிப் பேசணும். அப்புறம் எவன்டா பாட்டுக் கட்டுவான்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராஜாராமுக்கு உள்ளே ஆட்கள் இருந்தார்கள், வெளியே சாந்தாஜியும் தனாஜியும் இருந்தார்கள். தேசிங்குக்கு வெளியிலிருந்து வரக்கூடியவன் அந்தக் கல்யாண மாப்பிள்ளை ஒருத்தன்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. மராட்டியர் கையில் இருபது வருஷம்போல இருந்ததற்கு இந்த மரியாதை. நியாயம்தான், ராஜாராமின் எட்டு வருஷம் சின்ன விஷயமில்லை. இனி வடக்கிலிருந்து ஆட்கள் சிவாஜியைத் தேடிக்கொண்டு வருவார்கள். அந்தப் பையன்கள் வழி காட்டுவார்கள், காட்டிக்கொண்டே தேசிங்கு கதையைத்தான் சொல்வார்கள்.