கவசம் கட்டிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வெயில் தாழ்ந்த பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

போன டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு என் பேரன் தாம்பரத்திலிருந்து மானாம்பதிக்கு வந்தான். ஒன்பதாவது படிக்கிறான். எப்போதும் ஒரு பையோடு வருபவன், இந்த முறை கக்கத்தில் ஒரு காகிதச் சுருளையும் இடுக்கிக்கொண்டு இறங்கினான். சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் விரித்துக் காட்டினான். முழுக்க முக்கோணமும் நாற்கோணமுமாகக் கோடுகள், ஓரங்களில் எண்கள்.

"ஆயா, இது அயர்ன் மேன் கவசம். நான் செஞ்சு போட்டுக்கப் போறேன். பிப்ரவரியில நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல காமிக் கான் வருது. உனக்குத்தான் தைக்கத் தெரியுமே, எனக்கு ஹெல்ப் பண்ணு."

எனக்கு அயர்ன் மேன் யாரென்று தெரியாது. எந்திரன் படத்துச் சிட்டி தெரியும். அவன் சிரித்தான். 2008 இல் வந்த அயர்ன் மேன் படத்துக் கவசங்களைச் செய்தது ஸ்டான் வின்ஸ்டன் என்பவருடைய பட்டறை. அதே ஆண்டு அவர் இறந்துபோக, அவரிடம் வேலை பார்த்தவர்கள் லெகசி எஃபெக்ட்ஸ் என்று தனியாக ஆரம்பித்தார்கள். 2010 இல் ஷங்கரின் எந்திரனில் ரஜினியின் இயந்திர உருவங்களைச் செய்து கொடுத்தது அவர்கள்தானாம். "அப்ப ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க ஆயா" என்றான். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்த பையன்.

அன்று ராத்திரி மகளிடமிருந்து போன். "அம்மா, அவனுக்கு இடம் கொடுக்காதே. அடுத்த வருஷம் பத்தாவது. வேஷம் கட்டிக்கிட்டு அலையறவனுக்கு எதுக்குப் படிப்பு?"

அந்தக் கடைசி வரி எனக்கு எங்கேயோ இடித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வேலை. அந்தக் கோடுகளைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நான் 36 வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய 'வலை'தான் அது. ஒரு கனசதுரத்தைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் வருவது வலை. கனசதுரத்துக்கு மட்டும் 11 விதமான வலைகள் உண்டு. பழைய மாணவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தீப்பெட்டி அட்டையில் நாம் வெட்டி ஒட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான்காரர்கள் பெபகுரா என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் முப்பரிமாண உருவத்தை இப்படி வலையாக விரித்துக் கொடுத்துவிடும். அச்செடுத்து, வெட்டி, எண்ணுக்கு எண் ஒட்டினால் உருவம் எழுந்து நிற்கும்.

ஆனால் தலை உருண்டை. உருண்டையைக் கிழிக்காமல், இழுக்காமல் தட்டையாக்க முடியாது. 1827 இல் காஸ் என்ற கணித மேதை அதை நிரூபித்தார். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் அழுத்திப் பாருங்கள், ஓரம் கிழியும். அதனால்தான் தலைக்கவசத்துக்கு மட்டும் அத்தனை துண்டுகள். ஜாக்கெட்டில் நாம் 'டாட்' பிடிக்கிறோமே, அதுவும் இதே சங்கதிதான். உடம்பு வளைவு, துணி தட்டை.

உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்தோம். இரண்டு நாள் வெட்டி ஒட்டினோம். தலையில் வைத்தால் காதுக்கு மேலே இறங்கவில்லை. அவன் அழாத குறை. ஸ்கேலை எடுத்து அளந்தேன். 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கோடு ஒன்பதரைதான் இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரின்டர் தானாகவே சுருக்கியிருக்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் தாளில் ஒரு 10 செ.மீ. கோடு போட்டு வையுங்கள், கடையிலேயே அளந்து பாருங்கள், நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு நாளும் இருபது தாளும் போச்சு.

காகிதம் வெறும் அச்சுதான். கவசம் செய்வது ஃபோமில். குழந்தைகள் தவழ, பல்லுப் பல்லாகக் கோர்த்துத் தரையில் போடுகிற பாய் இருக்கிறதே, அதுதான். எத்திலீன் வினைல் அசிடேட் என்று பெயர். செருப்பு அடிப்பாகத்துக்கும் போடுகிறார்கள். உடம்புக்கு 10 மில்லிமீட்டர் தடிமன், விரல், முழங்கைப் பக்கம் 5, மேலே ஓடும் கோடுகளுக்கு 2. பிளேடு மழுங்கக் கூடாது. மழுங்கினால் வெட்டாது, பிய்த்துவிடும். அரிவாள்மனையைத் தீட்டுவதைவிட அதிகமாக அந்தக் கத்தியைத் தீட்டினேன். இரண்டு துண்டு கோணமாகச் சேர வேண்டுமென்றால் ஓரத்தையும் சாய்த்து வெட்ட வேண்டும். இதற்கு என் கைக்குப் பத்து நாள் ஆனது.

ஒட்டுவதுதான் வேடிக்கை. பேரன் யூடியூபைப் பார்த்துப் பெரிய ரகசியம்போலச் சொன்னான்: இரண்டு பக்கமும் பசை தடவணும், உடனே ஒட்டக் கூடாது, பத்து நிமிஷம் காயவிட்டு அப்புறம் அழுத்தணும். அடப் போடா, இது சைக்கிள் பஞ்சர் என்றேன். சொல்யூஷன் தடவி, ஊதி, காயவிட்டு ஒட்டுவதை நான் எட்டு வயதில் பார்த்தவள். ஃபெவிகால் எஸ்ஆர் டப்பா வாங்கினோம். ஒருமுறை ஒட்டினால் நகர்த்த முடியாது, அதனால் ஒரு முனையிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். அதன் நெடி பொல்லாதது. வீட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். நாங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்தோம். தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கு முகக்கவசம் கட்டாயம். கொரோனா காலத்தில் வாங்கியது பெட்டியோடு மீதி இருந்தது.

பிறகு சூடு. தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் ஹீட் கன் இரவல் வாங்கினோம். சூடு பட்டால் ஃபோமின் மேல் இருக்கும் நுண்ணிய துளைகள் மூடி, மேற்பரப்பு லேசாக மினுங்கும். அந்த நேரத்தில் வளைத்து ஆறும்வரை பிடித்தால் அப்படியே நிற்கும். மார்புத் தகட்டை என் வீட்டுக்காரர் தவலைமேல் கவிழ்த்து அழுத்திப் பிடித்தார். ரிட்டையர்டு ஆனதிலிருந்து அவர் இவ்வளவு நேரம் ஒரே வேலையில் இருந்து நான் பார்த்ததில்லை. அதன் மேல் வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு நாலு பூச்சு, இல்லையென்றால் பெயின்டை எல்லாம் ஃபோம் குடித்துவிடும். அப்புறம்தான் சிவப்பு, தங்கம்.

மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள். எடை மூன்று கிலோ.

பொங்கல் லீவில் முழுசாகப் போட்டுப் பார்த்தோம். கண்ணாடி முன் நின்றபோது ராஜா மாதிரிதான் இருந்தான். நடந்தான், தொடைக்கட்டு முழங்காலுக்கு வந்துவிட்டது. கையைத் தூக்கினான், தோள்தகடு காதைக் குத்தியது. உட்காரவே முடியவில்லை. கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, தலை சுற்றுகிறது என்று சாய்ந்துவிட்டான். மோர் கொடுத்து உட்காரவைத்தோம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவன் மாட்டியிருந்ததெல்லாம் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ. வியர்வையில் அது பிடிக்கவில்லை.

இப்போது அந்த இடிக்கு வருகிறேன்.

இதைவிடக் கனமான மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை சுழன்று ஆடுகிறவர்கள் நம் காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரே அந்தக் கட்டைகளால் வந்ததுதான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் செதுக்கிய மரம், மேலே கண்ணாடிச் சில்லு. 1990 இல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. நான்கு கிலோமீட்டரில் ஒருவர் இருக்கிறார். கர்ணன் வேஷம் கட்டுகிறவர். என் பழைய மாணவர்.

1994. ஐந்தாம் வகுப்பு. அப்பா கூத்து ஜமாவில் இருந்தார். பங்குனி பிறந்தால் பையனும் ராத்திரி பெட்டி தூக்கப் போவான், காலையில் வகுப்பில் தூங்குவான். ஒருநாள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது பெஞ்சில் தலை சாய்த்துவிட்டான். எழுப்பி, வெளியே நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னேன்: "கூத்தாடப் போறவனுக்கு எதுக்குடா படிப்பு?" வகுப்பே சிரித்தது. முழு ஆண்டுத் தேர்வு எழுதினான். ஆறாம் வகுப்பில் சேரவில்லை. அந்த நாளில் பள்ளியில் சேராத பிள்ளைகள் வீட்டுக்கு நாங்கள் நடந்து போய்க் கூப்பிடுவதுண்டு. அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

அதற்குப் பிறகு திருவிழா நோட்டீஸில் அவர் பெயரைப் பார்ப்பேன். கூத்து பார்க்கப் போகமாட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். பேரன் கவசத்தைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றியதைப் பார்த்த பிறகு கிளம்பினேன்.

"வாங்க டீச்சர்" என்று எழுந்து நின்றார். நாற்பது வயது தாண்டிய ஆள், மீசையில் நரை. நீ என்பதா, நீங்க என்பதா என்று எனக்கு நாக்கு புரளவில்லை. "நல்லா இருக்கியாப்பா" என்று ஆரம்பித்து "ஒரு உதவி கேட்டு வந்தேங்க" என்று முடித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளே வந்துவிட்டார். கவசத்தை வெளிப்பக்கம் அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, எல்லாத்தையும் உடம்புல ஒட்டிக்கினு இருக்க. உடம்புல ஒட்டக் கூடாது, ஒன்னுமேல ஒன்னு தொங்கணும்."

பிறகு அவரே செய்து காட்டினார். முதலில் இடுப்பில் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து இறுக்கிச் சுற்று. அந்தக் கட்டுதான் அஸ்திவாரம். தொடைக்கட்டு அதிலிருந்து நாடாவில் தொங்கும், அப்புறம் எங்கே இறங்கும்? தோள்தகட்டைக் கையில் கட்டாதே, மார்புத் தகட்டின் தோள்வாரோடு கட்டு, கை தூக்கினால் தானும் மேலேறி விலகும். தலைக்கு முதலில் துணி கட்டு. வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், கவசமும் ஆடாது. வெல்க்ரோவை எல்லாம் பிய்த்துப் போடச் சொன்னார். நாடா, உருவு முடிச்சு. "இழுத்தா ஒரே இழுப்புல அவுரணும் தம்பி. மயக்கம் வந்தா தேடிக்கினு இருக்க முடியாது." கட்டும் வரிசை காலிலிருந்து மேலே. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தலைக்கவசம்.

நான் தையல் மிஷினில் உட்கார்ந்து அவர் சொன்ன இடத்தில் எல்லாம் நாடா தைத்தேன். முழங்காலுக்குப் பின்னால் மட்டும் எலாஸ்டிக், அது என் யோசனை. "அது சரியா வரும் டீச்சர்" என்றார். முதுகில் இரண்டு கை அகலத்துக்கு ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு வலைத்துணி வைத்தோம், காற்றுக்கு.

வேலை நடக்கும்போது பேரன் அவரிடம் கதை சொன்னான். வெள்ளைக் கவசம் போட்ட ஸ்டார் வார்ஸ் வீரர்களின் தலைக்கவசத்தைச் செய்த இங்கிலாந்துக்காரர் பிற்பாடு அதேபோலச் செய்து விற்க, படக் கம்பெனி வழக்குப் போட்டதாம். அது சிற்பமா, வெறும் பட உபயோகத்துக்கான பொருளா என்று வழக்கு. 2011 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சிற்பம் இல்லை என்று சொல்லிவிட்டதாம். கூத்துக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க தாத்தா செதுக்கின கிரீடத்தைப் பார்த்தா அந்த ஜட்ஜு இன்னா சொல்வாரு?" என்று கேட்டார். அவர்கள் வீட்டுக் கட்டைகள் கல்யாண முருங்கை மரமாம். லேசானது, செதுக்க இளகும். "உன் ஃபோமுக்கு அண்ணன்" என்றார்.

கர்ணன் வேஷத்தைப் பற்றியும் கேட்டான். பிறக்கும்போதே கவசத்தோடு பிறந்தவன், கேட்டதும் அறுத்துக் கொடுத்தவன். கருமாதி வீடுகளில் கர்ண மோட்சம் வைக்கும்போது அழாத ஆள் கிடையாது என்றார். "நீ கழட்டறதுக்கு நாடா, அவனுக்குக் கத்தி."

அவர் கிளம்பும்போது தெருமுனைவரை கூட நடந்தேன். சொல்லிவிட்டேன். "அன்னைக்கு வகுப்புல உன்னை ஒரு வார்த்தை சொன்னேன்ப்பா. தப்பு. சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் உன் வீட்டுக்காவது வந்திருக்கணும்."

"எந்த வார்த்தை டீச்சர்?" என்றார்.

மறந்துவிட்டாரா, மறந்ததாகக் காட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் முகத்தில் படிக்க முடியவில்லை. வேஷக்காரர் முகம். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அப்பாவுக்குத்தான் நான் படிக்கலன்னு குறை" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரியில் நந்தம்பாக்கத்துக்கு நானும் போனேன். மகளும் வந்தாள், முகத்தைத் தூக்கிக்கொண்டுதான். விதவிதமாக வேஷம் கட்டிய பிள்ளைகள். பாதிப் பேர் அரை மணியில் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் பையன் மூன்று மணி நேரம் நின்றான், நடந்தான், ஒருமுறை தரையில் சம்மணம்கூடப் போட்டான். பரிசு ஒன்றும் வரவில்லை. ஒரு கல்லூரிப் பையன் அவன் தோளைத் தூக்கிப் பார்த்து, "இந்த ஸ்ட்ராப்பிங் எங்க ப்ரோ கத்துக்கிட்ட?" என்று கேட்டான். "எங்க ஊர்ல ஒரு மாஸ்டர்" என்றான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வாரம் அவர் மறுபடி வந்தார், கவசத்தைப் பார்க்க. இவனும் முழுப் பரீட்சை முடிந்து இங்கேதான் இருக்கிறான். கட்டிக்காட்டினான். சுற்றி வந்து பார்த்துவிட்டு, மார்பில் இன்னும் ஒரு நாடா குறுக்கே இருக்கலாம் என்றார். வைகாசியில் பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயிலில் அவருடைய கூத்து. வேஷம் கட்டும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று பேரன் கேட்டான். "தாராளமா வா தம்பி. பெட்டி தூக்க ஆள் வேணும்" என்றார்.

நானும் போகிறேன். ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டியிருக்கும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.