வாக்குவத்தைக் காப்பவர்கள்

கத்தாரின் ராஸ் லஃபானில் எரிவாயு ஏற்றி குஜராத்தின் தஹேஜுக்கு 2004இல் ஓடத் தொடங்கிய ‘திஷா’, நீராவி டர்பைன் கப்பல். அந்த ரகக் கப்பல்களில் கோடைக்கால வாட்ச் என்றால் இன்ஜினியரின் கண் அடிக்கடி வாக்குவம் (வெற்றிடம்) காட்டும் கேஜுக்குத்தான் போகும். பாரசீக வளைகுடாவின் மேல்மட்ட நீர் அப்போது 33 டிகிரிக்கு மேல் சுடும். கடல் சுட்டால் டர்பைனின் சக்தி இறங்கும்.

டர்பைனைச் சுழற்றி முடித்த நீராவி கண்டென்சரில் ஆயிரக்கணக்கான டியூப்கள் மீது படுகிறது. டியூப்களுக்குள் ஓடுவது கடல்நீர். 0.05 பார் அழுத்தத்தில் சுமார் 28 கன மீட்டர் இடத்தை அடைக்கும் ஒரு கிலோ நீராவி, குளிர்ந்ததும் ஒரு லிட்டர் தண்ணீராகச் சுருங்கிவிடும். வெற்றிடம் பிறப்பது அங்கேதான். ஆனால் அந்த அழுத்தத்தில் நீராவி தண்ணீராவது 33 டிகிரியில். கடலே 33 டிகிரி என்றால் கண்டென்சருக்குள் 40ஐத் தாண்டியாக வேண்டும்; அழுத்தமும் கூடவே ஏறும்.

கடலின் சூட்டை யாரும் குறைக்க முடியாது. காற்றுக் கசிவைக் குறைக்கலாம். வாக்குவம் விழுந்தால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது, டர்பைன் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் கிளாண்டுக்குப் போகும் நீராவியை. அடுத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏர் எஜெக்டரை. கடல்நீர் உள்ளே வரும் வெப்பநிலைக்கும் வெளியேறும் வெப்பநிலைக்கும் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், நீரோட்டம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பாசியோ ஜெல்லிமீனோ அடைத்திருக்கும்.

இவற்றைவிடப் பெரிய பயம் உப்பு. ஒரே ஒரு டியூப் ஓட்டையானாலும் வெற்றிடம் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது 60 பார் அழுத்தத்தில் கொதிக்கும் பாய்லருக்கு. பழைய ஜெட் கண்டென்சர்களில் நீராவியோடு கடல்நீரையே கலந்தார்கள். பாய்லரில் உப்பு படிந்துகொண்டே இருந்தது. சாமுவேல் ஹால் 1834இல் காப்புரிமை பெற்ற கண்டென்சர் இரண்டையும் டியூப் சுவரால் பிரித்தது. அதைப் பொருத்திய ‘சிரியஸ்’ கப்பல் 1838இல் அட்லாண்டிக்கைக் கடந்தது.

நடுக்கடலில், தண்ணீரில் உப்பைக் காட்டும் சலினோமீட்டர் அலாரம் அடித்தால், கடல்நீர்ப் பக்கத்தில் மரத்தூளை விடுவது பழைய கைவைத்தியம். ஓட்டை அதை இழுத்துத் தானே அடைத்துக்கொள்ளும். துறைமுகம் சேர்ந்தபின் நீராவிப் பக்கத்தில் ஒளிரும் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, டியூப் முனைகளில் கடல்நீர் நிற்கும் வாட்டர் பாக்ஸைத் திறந்து, புற ஊதா விளக்கடித்துத் தேடுவார்கள். ஒளிரும் டியூபின் இரு முனைகளிலும் பிளக் அடிப்பார்கள்.

புதிய எரிவாயுக் கப்பல்கள் டீசல் வகை இன்ஜின்களுக்கு மாறிவிட்டன. நீராவிக் கப்பலில் இடம் கிடைக்கும் இளம் இன்ஜினியர்கள், வாட்டர் பாக்ஸ் திறக்கும் நாளில் மூத்தவர்களோடு உள்ளே இறங்கிவிட வேண்டும். டியூபைத் தேடவும் பிளக் அடிக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.