சார்ஜ் எங்கே போகிறது?

கண்ணமங்கலத்தில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் செல்போன் சிக்னலுக்கு மலை ஒரு பெரிய சுவர்.

மலையடிவாரத்தில் என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அண்ணி இதய நோயாளி. வீட்டில் இருப்பது ஒரே போன். காலையில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றினால், மதியம் மூன்று மணிக்குள் 15-க்கு இறங்கிவிடும். "ராத்திரி 108-க்குக் கூப்பிடணும்னா என்னப்பா செய்வேன்?" என்றார். கடையில் கேட்டதற்குப் புதுப் போன் வாங்கச் சொல்லிவிட்டார்களாம்.

ஒரு கல்யாணத்துக்காக எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். அதே போன்தான், இரவு ஒன்பது மணிக்கும் பாதி சார்ஜ் மிச்சம்! அப்படியென்றால் குற்றவாளி பேட்டரி அல்ல. செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதியைத் திறந்து பார்த்தோம். முந்தைய நாட்களில் அதிகம் தின்றது யூடியூபும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை, மொபைல் நெட்வொர்க்.

காரணம் எளிது. நாம் பேசாவிட்டாலும் போன் டவரோடு தொடர்பில் இருக்கிறது. டவர் பக்கத்தில் இருந்தால் கிசுகிசுத்தால் போதும். தூரத்தில் இருந்தால், காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் கத்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட் வரை சக்தி கூட்டிக் கத்தும். சிக்னல் அறுந்தால் மறுபடி மறுபடி தேடும். தேடுவதற்கும் சார்ஜ் வேண்டும்.

செய்தது இவ்வளவுதான். 5ஜி எட்டாத இடம் என்பதால், நெட்வொர்க் அமைப்பை 4ஜி என்று மாற்றினோம். உள்ளறையில் சிக்னல் ஒரு கோடு, திண்ணை ஜன்னலில் மூன்று கோடு. போன் இப்போது ஜன்னலோரம் இருக்கிறது, வெயில் படாத பக்கமாக. வெயிலும் சூடும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். இப்போது படுக்கப் போகும்போது 40 சதவீதத்துக்குக் குறைவதில்லை என்கிறார்.

பேட்டரியே தேய்ந்துபோவதும் உண்டு. லித்தியம் அயன் பேட்டரி 1991-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் குட்இனஃபுக்கு அப்போது வயது 97! நம் வயதுக்காரர்களுக்குத் தெம்பு தரும் செய்தி. ஆனால் அவர் பேட்டரிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கினாலே கொள்ளளவு குறையத் தொடங்கும். நல்ல சிக்னல் உள்ள ஊரிலும் வேகமாக இறங்கினால், 30 சதவீதத்தில் திடீரென்று அணைந்தால், பேட்டரியை மாற்றுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். அழுத்தவும் குத்தவும் கூடாது.

ஜமுனாமரத்தூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், சிக்னல் இல்லாத இடங்களில் ஃப்ளைட் மோடில் போடுங்கள். இறங்கியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், வீட்டில் கவலைப்படுவார்கள்.

புதுப் போனுக்குப் பணம் எடுக்கும் முன், பழைய போனை ஒரு நாள் நல்ல சிக்னலில் வைத்துப் பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.