பட்டன் தேயாத டயர்

"பட்டன் அப்படியே இருக்கிறதே, இந்த டயரை எதற்காக மாற்ற வேண்டும்?"

எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். என் கணவர் டயர் பேச்சை எடுக்கும் போதெல்லாம், காரருகே குனிந்து, ஆழமாக இருந்த கோடுகளைச் சுட்டிக்காட்டி அவர் வாயை அடைத்து விடுவேன். எட்டு வருஷத்துக் கார்தான். ஆனால் நாங்கள் இருவரும் ஆபீஸுக்கு மெட்ரோவில் போகிறவர்கள். கோயில், கல்யாணம், மாமியாரின் கண் டாக்டர் என்று வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். தேயாத டயரை யாராவது தூக்கி எறிவார்களா? குடித்தனம் நடத்துகிற எந்தப் பெண்ணும் அப்படித்தானே கேட்பாள்?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை அதற்குப் பதில் கிடைத்தது.

மாமியாரை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. நூறடி ரோட்டில் ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தை நெருங்கும்போது, முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர். பின் ஸீட்டில் நீல மழைக்கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண். பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கார் நிற்கவில்லை. எண்ணெய்த் தரையில் நழுவும் பாத்திரம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்தக் குழந்தை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நடக்க இருந்தது இன்னதென்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. வீடு வந்து சேரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் காலை மூவருமாகப் பக்கத்து டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரியவர். டயரில் கட்டை விரல் நகத்தை ஊன்றிப் பார்த்துவிட்டு, "பட்டன் இருக்கும்மா. ரப்பர் செத்துப் போச்சு" என்றார்.

பிறகு டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 2817. ஏதோ மாடல் நம்பர் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். டயரின் ஜாதகமே அதுதானாம்! 2017-ஆம் வருஷம் 28-ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப் போகிறது. நம் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

மாமியாருக்கு உடனே விளங்கிவிட்டது. "நம் குக்கர் வளையம் மாதிரி என்று சொல்லுங்கள். உபயோகப்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் கட்டையாகப் போய்விடுமே!" என்றார். கடைக்காரர், "பாட்டியம்மா சொல்றதுதான் சரி" என்று ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் குடும்பமே உட்கார்ந்து போகிறது. மழையில் கோடுகள் தண்ணீரை வெளியே தள்ள, மிருதுவான ரப்பர் ரோட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். கோடு இருந்து ரப்பர் இறுகிவிட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

சரி, புது டயர் எந்தக் கம்பெனி? இங்கேதான் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர் எம்.ஆர்.எஃப். பக்தர். 1946-ல் நம் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்து, 1961-ல் டயர் உற்பத்திக்கு வந்த கதையை அவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. "பலூன்காரரா?" என்று மாமியார் சந்தேகமாகப் பார்த்தார். நான் மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன் என்று வெளிநாட்டுப் பெயர்களாக அடுக்கினேன்.

கடைக்காரர் இரண்டு கட்சியையும் கலைத்துவிட்டார். "கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். வருஷத்துக்கு எவ்வளவு ஓடும்? அதைச் சொல்லுங்க."

ஒரே கம்பெனியிலேயே இரண்டு குணத்தில் டயர் வருகிறதாம். சியட்டில் மைலேஜ் என்பது ஆயுளுக்கு, செக்யூராடிரைவ் பிடிப்புக்கு. குட்இயரில் டியூராப்ளஸ் உழைப்புக்கு. டிரிப்பிள்மேக்ஸ் ஈர ரோட்டில் நிற்பதற்கு. அப்போலோவில் அமேஸர் ஒரு ரகம், ஆல்நாக் இன்னொரு ரகம். பொதுவாக, நெடுநாள் தேயாமலிருக்கும்படி ரப்பரைத் தயாரித்தால் மழையில் பிடிப்புக் கொஞ்சம் குறையும். பிடிப்பைக் கூட்டினால் சீக்கிரம் தேயும். விலை கொடுத்தால் இரண்டையும் ஓரளவு சேர்த்து வாங்கலாம். முழுசாக வாங்க முடியாது. ஆகவே, 'எந்தக் கம்பெனி ஒசத்தி?' என்ற கேள்வியே பாதிக் கேள்விதான்.

பக்கத்தில் ஒரு டாக்ஸி டிரைவர் காத்திருந்தார். நாங்கள் வருஷம் முழுவதும் ஓட்டுகிற 4,000 கிலோமீட்டரை அவர் ஒரே மாசத்தில் ஓட்டிவிடுகிறார். 60,000 கிலோமீட்டர் உழைக்கும் டயரை அவருக்குப் போட்டால் பதினைந்தே மாசம். ரப்பர் கிழமாக அவகாசம் ஏது? அவருக்கு ஆயுள் டயர்தான் லாபம். அதையே எங்கள் காருக்குப் போட்டால் தேய்வதற்குப் பதினைந்து வருஷம் ஆகும். ஐந்து வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் பரிசோதிக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று மிஷலின் கம்பெனியே சொல்கிறது. ஆக, உழைப்பு என்று நாங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, சாப்பிடாத சாப்பாட்டுக்குக் கொடுத்த பில்!

கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று கணக்குப் போடுகிறவள் நான். அந்தக் கணக்கு டாக்ஸிக்காரருக்குச் சரி. எங்களுக்குச் சரியான கணக்கு, மழையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதுதான். எந்தக் கம்பெனியானாலும் சரி, ஈரப் பிடிப்பு ரகம்தான் வேண்டும் என்று தீர்மானித்தோம். முதலில் எடுத்துக் காட்டிய டயரின் ஜாதகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷம் கடையிலேயே இருந்திருக்கிறது! "புதுசாக எடுங்கள்" என்றேன். பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், மூன்று மாசக் குழந்தைகளாக நான்கு கொண்டுவந்தார்.

புறப்படுமுன் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். கோடுகளுக்குள்ளே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கின்றன. பட்டன் தேய்ந்து அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் டயர் அன்றோடு சரி. காற்றின் அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். மாசம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதிய ஜோடியைப் பின்னால் போட வேண்டும். முன்னால் அல்லவா போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரே சுழன்றுவிடுமாம்!

திரும்பும்போது தூறல். சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். சொன்ன இடத்தில் நின்றது. ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. நீல மழைக்கோட்டு இல்லை. இருந்தாலும் நான் இரண்டு தடவை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக்குப் போய்க் குக்கர் வளையத்தைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன்.

அதுவும் செத்துத்தான் போயிருந்தது.