இரண்டு சபாபதிகள்

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் 1941-இல் திரைப்படமாக்கினார். நடிகர் தேர்வே பாதி வெற்றியைத் தேடித் தந்த படம் இது என்பது என் துணிபு.

எசமானும் வேலைக்காரனும் பெயரால் ஒன்று, பேதைமையாலும் ஒன்று. எசமானாக டி.ஆர். இராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். முன்னவர் உருண்டு விழிக்கும் கண்களாலேயே சிரிக்க வைத்துவிடுகிறார். பின்னவரோ சிரிப்பூட்ட முயல்வதே இல்லை; சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றும் பணியாளாக, முகத்தில் சிறு குறும்புமின்றி நிற்கிறார். அவருக்குச் சி.டி. ராஜகாந்தம் ஏற்ற இணை. மாணவனிடம் சிக்கித் தவிக்கும் தமிழாசிரியராகக் கே. சாரங்கபாணி நெஞ்சில் நிற்கிறார். இவர்களுக்கிடையே கதாநாயகி ஆர். பத்மா சற்று மங்கித்தான் தெரிகிறார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படியாதவரைக் கேலி செய்யும் படங்களில் என்னால் மனம்விட்டுச் சிரிக்க முடிவதில்லை; என் தந்தையின் முகம் குறுக்கே வந்துவிடும். இப்படத்தில் அந்தத் தயக்கம் எழவில்லை. ஆசிரியர் வைத்துப் படிக்கும் எசமானும் ஏவல் செய்யும் வேலைக்காரனும் இங்கே ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார்கள். முள் எந்தப் பக்கமும் சாயவில்லை. படிப்பு வேறு, அறிவு வேறு என்பதை இவ்விரு நடிகர்களும் போதிக்காமலே உணர்த்திவிட்டார்கள். பட்டம் பெறப்போகும் நாம் ஒருமுறையேனும் காண வேண்டிய படம் இது!