பொறியும் பொழுதும்

"வேற எஞ்சின் வர்றது மருமகள் வர்ற மாதிரி சார். வாசல்படி தாண்டிட்டா ஆச்சா? வீட்டோட பொருந்தணும்" என்பார் ஆம்பூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய். சிறு வயதிலேயே ஸ்பானர் பிடித்தவர். பொருந்த வேண்டியது மருமகளா, வீடா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கார் என் பெரியப்பாவுடையது, அம்பாஸிடர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்துவந்த வண்டி. பெரியப்பா தோல் கமிஷன் வியாபாரி. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று அந்த வண்டி போகாத தோல் ஷாப்பு இல்லை. அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆன பின்னும், பின் ஸீட்டில் உட்கார்ந்தால் பதனிட்ட தோல் வாசனை வரும். எஞ்சின் பிளாக் விரிசல் விட்டதும், பழைய இரும்புக்கு எடை போட்டுவிடலாம் என்றார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. அதே 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்றை பாய் தேடிப் பிடித்தார். எஞ்சின் மாற்றினால் பதிவு அதிகாரியிடம் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் நம்பரைத் திருத்த வேண்டும். அந்த வைபவத்தைத் தனியாக எழுதலாம்.

வந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. எங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டோ தேய்ந்து ஆடியது. தண்டு ஆடினால் பாயிண்ட் இடைவெளி நிலைக்காது. இடைவெளி நிலைக்காவிட்டால் பொறி ஒழுங்காக விழாது. "பாயிண்டே இல்லாத புதுசு போட்டுடலாம் சார்" என்றார் பாய்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வகுத்த பாட்டரி இக்னிஷன் 1910-இல் காடிலாக் காரில் வந்தது. சிறு பாயிண்ட் ஒன்று திறந்து மூடி காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்தத் துண்டிப்பில் பொறி பிறக்கும். அறுபது, எழுபது வருஷங்கள் உலகத்துக் கார்களெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின. புதுசில் பாயிண்டுக்குப் பதில், காந்தம் கடப்பதை உணரும் ஒரு சில்லு. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. பாஸிட்டிவ் எர்த் உள்ள பழைய வண்டியானால் மட்டும், சில்லு கருகுமுன் அதை விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாட்டுவது பெரிய வித்தையல்ல. ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டரை, அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு மையம் விலகியிருப்பதால் ஒரே விதமாகத்தான் உட்காரும். ஆனால் அதைச் சுழற்றும் தண்டை யாராவது கழற்றித் திருப்பிப் போட்டிருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் எல்லாம் தப்பு. பாய் அதை முதலில் பார்த்தார். பிறகு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று இடஞ்சுழியாக ஒயர்களைச் செருகினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

ஏலகிரி ஏறும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது தாண்டுவதற்குள், தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் எஞ்சின் தட்டத் தொடங்கியது. பாய் நிறுத்தச் சொன்னார். "இப்படியே ஏத்தினா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும் சார்."

காரணம் இதுதான். பெட்ரோல் ஆவி பற்றி எரிய ஒரு விநாடியில் சுமார் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அந்த நேரத்தில் 12 டிகிரி திரும்பும். 3000 சுற்றானால் 36 டிகிரி. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி முந்த வேண்டும். எவ்வளவு முந்துவது என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைகளும் இரண்டு சுருள்வில்களும் தீர்மானிக்கின்றன. பாயிண்ட் போன பிறகும் அவை அங்கேதான் இருக்கின்றன. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் கொடுத்ததன் வில்கள் மெலிந்தவை. நம் எஞ்சின் கேட்பதற்கு முன்பே பொறியை முந்த விட்டன. மறுநாள் பாய் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் வில்களைப் புதியதில் மாற்றிப் போட்டு, மினுக்கும் விளக்கை எஞ்சினின் புல்லியில் அடித்து, ஒவ்வொரு வேகத்திலும் குறியைப் பார்த்தார். அதன் பிறகு ஏலகிரி உச்சி வரை ஒரு சத்தமில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஆவாரம் பட்டையில் தோல் வாரக்கணக்கில் ஊறிய காலம் உண்டு. குரோம் வந்தது, அதே வேலை ஓரிரு நாளில் முடிந்தது. முறை மாறியது, கழிவு நீர் போகும் வழி மட்டும் கூடவே மாறவில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோம் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. புது டிஸ்ட்ரிபியூட்டரும் குற்றவாளியல்ல. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அதனோடு மாற வேண்டியதை மறந்துவிடுகிறோமே, அங்கேதான் தட்டுகிறது.

"பாயிண்டே இல்லேன்னா உங்க பிழைப்பு என்ன ஆகும் பாய்?" என்று கேட்டேன். "பாயிண்ட் தேய்க்கிற வேலை போச்சு சார். டைமிங் பார்க்கிற வேலை இருக்குல்ல?" என்றார். அவரிடம் இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதில் கெட்டிக்காரர்கள். ஏலகிரியின் மூன்றாம் வளைவில் அந்தச் சத்தம் அவர்கள் காதிலும் விழ வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. அதற்காகவே அவர்களையும் மலைக்கு அழைத்து வந்திருந்தார்.

தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரை அவர் எறியவில்லை. மெலிந்த வில்களைப் போட்டு, துணியில் சுற்றி, டிக்கியில் வைத்திருக்கிறார். நடுவழியில் சில்லு செத்துப்போனால் அதைத் தேய்த்து உயிர்ப்பிக்க முடியாது. மெதுவாகவாவது வீடு சேர்க்கக் கிழவன்தான் வர வேண்டும்.